குவியல் தீரும்வரை

விடியும் முன்பே இறால் உரிக்கும் கொட்டகைக்குள் பனிக்கட்டியைக் கொட்டும் சத்தம் கேட்டுவிடும். இன்று லாரி தாமதமாகத்தான் வந்தது. அந்தச் சிறுமி இறால் குவியலைப் பார்த்தாள், பிறகு கதவைப் பார்த்தாள். குவியல் தீரும்வரை யாரும் வெளியே போகக்கூடாது என்பது முதலாளியின் சட்டம். கதவு பூட்டியிருக்கும், சாவி அவர் சட்டைப் பையில் இருக்கும்.

இடுப்பைச் சுற்றிக் கட்டிய பிளாஸ்டிக் தாளுக்கு அடியில் அவள் பள்ளிச் சீருடை போட்டிருந்தாள். இன்று இறுதித் தேர்வு. தலையைத் திருகி, ஓட்டைக் கழற்றி, குடலை உருவி, சட்டியில் போட்டாள். முள் குத்திய விரல்கள் குளிரில் மரத்திருந்தன. கையில் பேனா நிற்குமா?

"என்ன டாக்டரம்மா, இறாலுக்கு ஆபரேஷனா? சட்டுனு முடி" என்றாள் எதிரே இருந்த அக்கா. சொல்லிக்கொண்டே சிறுமியின் பங்கிலிருந்து ஒரு கை அள்ளித் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

தகரக் கூரையின் ஓட்டை வழியே வெயில் விழுந்தது. குவியல் பாதிகூடக் குறையவில்லை. அவள் எழுந்தாள்.

"ஐயா, பரீட்சைக்குப் போகணும்."

பக்கத்தில் உரித்துக்கொண்டிருந்த அம்மா அவள் பாவாடையைப் பிடித்து இழுத்தாள். "உக்காருடி. எதிர்த்துப் பேசின உன் சித்திக்கு இன்னும் எங்கயும் வேலை கிடைக்கல."

"படிச்சு என்ன கிழிக்கப்போற?" என்றார் கதவருகே நின்ற முதலாளி. "உன் பங்க யாரு உரிப்பா?"

"நாங்க உரிக்கிறோம்" என்றாள் அக்கா.

"ஒருத்திக்குத் திறந்தா நாளைக்கு ஆளாளுக்குக் கிளம்புவீங்க. வேலையப் பாருங்க."

அக்கா கைகளைத் துடைத்து மடியில் வைத்துக்கொண்டாள். பக்கத்தில் இருந்தவளும் வைத்தாள். ஒவ்வொருத்தியாக நிறுத்த, கொட்டகையில் ஓடு உடையும் சத்தம் அடங்கியது. அம்மா மட்டும் தலை நிமிராமல் உரித்துக்கொண்டிருந்தாள்.

"பனி உருகுது" என்றார் முதலாளி. "சரக்கு கெட்டா ஒருத்திக்கும் வேலை கிடையாது."

உருகிய தண்ணீர் அவர் செருப்பை நனைத்தது. அம்மா பாதி உரித்த இறாலைக் கீழே வைத்தாள்.

"சாவி உங்ககிட்டதானே இருக்கு" என்றாள் முதலாளியிடம்.

எழுந்து மகளின் இடுப்பிலிருந்த தாளின் முடிச்சை அவிழ்த்தாள். பெண்கள் எல்லாரும் எழுந்து, அவளைக் கூட்டிக்கொண்டு கதவருகே போய்ச் சுற்றி நின்றார்கள். அவர்களுக்கும் பயம்தான், நெருக்கி நின்றதில் ஒருத்தி நடுங்குவது இன்னொருத்திக்குத் தெரிந்தது. முதலாளியின் கை சட்டைப் பைக்குப் போய் அங்கேயே நின்றது.

அக்கா அவள் விரல்களைத் தன் உள்ளங்கைகளுக்குள் வைத்துத் தேய்த்தாள். அந்தக் கைகளும் பனியாகத்தான் இருந்தன.

"கதவு திறக்கட்டும், திறக்காம போகட்டும். முதல்ல இது சூடாகணும். பேனா பிடிக்கணும்ல."

தேய்க்கத் தேய்க்க, விரல் நுனியில் வலி திரும்பியது.