நான்கு நாள் நின்ற பெயர்

...இல்லை, முதலில் நலம் விசாரித்துவிட்டு அப்புறம் விஷயத்துக்கு வரலாம் என்று இருந்தால் சொல்லவே மாட்டேன், சாப்பிட்டீகளா வரும், மகள் எப்படி இருக்கிறாள் வரும், அதற்குள் கம்பெனி வேன் வந்துவிடும், ஆகவே எடுத்த எடுப்பில் சொல்லிவிட வேண்டும், பத்திரகாளி அக்கா, உங்கள் பெயரும் ஊரும் நான்கு நாள் எங்கள் இணையதளத்தில் எவரும் பார்க்கும்படி இருந்தது, அது என்னால் நேர்ந்தது... வாக்கியம் சரியாகத்தான் இருக்கிறது, கடிதம் என்றால் 'பொருள்' என்ற இடத்தில் அப்படியே போடலாம், ஆனால் வாயால் சொல்ல வேண்டும், அதுவும் ஏழரைக்குள். ஆறு பத்துக்குக் கிளம்ப வேண்டிய பேருந்து ஆறு இருபதுக்குக் கிளம்பியிருக்கிறது, விருதுநகரிலிருந்து சிவகாசிக்கு முக்கால் மணி நேரம், அங்கிருந்து நாரணாபுரத்துக்கு மினி பஸ்ஸோ ஷேர் ஆட்டோவோ எது முதலில் நகர்கிறதோ அது, ஏழரைக்கு வேன், கணக்கு இடிக்கிறது, இடித்தாலும் போவது போவதுதான். அம்மா கேட்டாள், இம்புட்டுக் காலையில எங்கிட்டுடி, திங்கக்கிழமை ஆபீசு பத்து மணிக்குத்தான என்று, ஒருத்தரைப் பார்க்கணும் என்றேன், பார்த்து என்ன செய்யப் போற என்றாள், தப்பைச் சொல்லப் போறேன் என்றேன், அம்மா தோசையைத் திருப்பிப் போட்டுவிட்டு, அடியே பைரோஜா, அதைப் போன்ல சொன்னா ஆகாதா, பஸ்ஸுக்குக் குடுத்துத்தான் சொல்லணுமா... பத்திரகாளி அக்காவிடம் போன் இல்லை அம்மா.

கனகசபாபதி ஐயா சொல்ல வேண்டாம் என்றார். நேற்று மதியம் சென்னையிலிருந்து பேசினார், எடுத்தாச்சும்மா, நம்ம சைட்டப் பாத்துக்கிற ஹரிஷ்குமார் அந்தப் பக்கத்தையே சுத்தமா எடுத்துட்டான், பாத்தது மொத்தமே பதினோரு பேரு, அதுலயும் பாதி நாமதான், இதப் போயி அந்தம்மாகிட்டச் சொல்லிப் பயங்காட்டணுமா. அவர் கெட்டவர் இல்லை, சிவகாசியில் அவருடைய குடும்பம் காலண்டர் அச்சடித்தது, தன் பங்கை விற்று இந்த மன்றத்தை ஆரம்பித்தவர், தொழிலற மன்றம் என்று பெயர் வைத்து விருதுநகரில் மாடியறை பிடித்து எனக்கு ஒரு கம்ப்யூட்டரும் டெலிபோனும் வாங்கிக் கொடுத்தவர், அப்படிப்பட்டவர் சொல்வதை மீறி நான் போகிறேன் என்றால்... மீறுகிறேனா? சொல்லாதே என்று அவர் சொல்லவில்லை, சொல்ல வேண்டுமா என்று கேட்டார், கேள்விக்குப் பதில் சொல்வதுதானே என் வேலை, ஆம் ஐயா, சொல்ல வேண்டும், இதுதான் பதில். நேற்று ஏன் அதை வாயைத் திறந்து சொல்லவில்லை, பாக்குறேன் ஐயா என்று மட்டும் ஏன் சொன்னேன்.

சிவகாசி ஒண்ணு என்று சீட்டு வாங்கினேன், ஆமத்தூர் வந்துவிட்டது. இது சரியா தவறா என்று வேலை செய்கிற இடத்தில் மனதை அரிக்கிற எதையும் எங்கள் தளத்தில் கேட்கலாம், வக்கீல் ஒருவர், ஓய்வுபெற்ற தொழிற்சாலை அதிகாரி ஒருவர், ஐயா, மூன்று பேரும் பதில் எழுதுவார்கள், ஆனால் கேட்க வருகிறவர்கள் இணையதளத்தைக் கண்ணால் பார்த்ததில்லை, அதற்குத்தான் நான். கீழே மிளகாய் வத்தல் கிட்டங்கி, வருகிறவர்கள் தும்மிக்கொண்டேதான் படியேறுவார்கள். விசைப்பலகையில் தமிழ் எழுத்து இல்லை என்று பழைய தினசரிக் காலண்டரிலிருந்து எழுத்துகளை வெட்டி ஒட்டி வைத்திருக்கிறேன். பருப்பு மில்லிலிருந்து மொக்கைச்சாமி அண்ணன் வந்தார், எல்லாம் அடித்து முடித்து அனுப்பியபின், ஏம்மா, கோர்ட் ஸ்டாம்பு எங்கன ஒட்டணும் என்று திரையைத் தடவிப் பார்த்தார், ஒட்ட வேண்டாம்ண்ணே என்றால், ஸ்டாம்பு இல்லாத மனுவ எவன் படிப்பான், சரி ரசீதாவது குடு என்று உட்கார்ந்துவிட்டார், அன்றிலிருந்து தாளில் தேதி போட்டு, கேள்வி எண் போட்டு, கையெழுத்துப் போட்டு எல்லோருக்கும் ரசீது கொடுக்கிறேன், ஐயா கேட்டுவிட்டுச் சிரித்தார், ஆனால் ரசீது கொடுக்கத் தொடங்கிய பிறகுதான் ஆள் வரத்து கூடியது. அதே மாதிரிதான் அந்த உதவிக் குறிப்பும். காலிக் கட்டத்தைக் கண்டால் எல்லோருக்கும் கை நின்றுவிடுகிறது, எங்கிருந்து ஆரம்பிக்க என்கிறார்கள், பத்தாம் வகுப்பில் கடிதம் எழுதும் கேள்விக்கு ஒரு மதிப்பெண்கூடக் குறையாமல் வாங்கியவள் நான், எழுதி ஒட்டினேன்: மனு எழுதுவதுபோலத் தொடங்குங்கள், அனுப்புநர், பெறுநர், பொருள், பிறகு விவரம். எல்லோருக்கும் கை ஓடியது. எந்தக் கட்டத்துக்கு என்று எழுதினேனா? தளத்தில் இரண்டு கட்டம், மேலே இருப்பது எல்லோர் முன்னும் கேட்பதற்கு, அனுப்பிய உடனே பக்கத்தில் ஏறிவிடும், நடுவில் எவரும் கை வைப்பதில்லை, ஐயாவுக்கு அதில் ஒரு பெருமை, கீழே இருப்பது எங்களிடம் மட்டும் சொல்வதற்கு. நான் கீழ்க் கட்டத்தை மனதில் வைத்து எழுதினேன், சுவரில் இரண்டுக்கும் பொதுவாக ஒட்டினேன். இவ்வளவு ஒழுங்கு பார்க்கிறவளுக்கு அந்த ஒரு வரி ஏன் தோன்றவில்லை, மேல் கட்டத்தில் எழுதுகிறவர்கள் தயவுசெய்து பெயர் குறிப்பிட வேண்டாம், ஏழே வார்த்தை.

புதன்கிழமை மழை. மழை என்றால் பட்டாசு காயாது, ஆலைக்கு லீவு, அதனால்தான் பத்திரகாளி அக்காவால் வர முடிந்தது. நாற்பத்தைந்து வயது இருக்கும், விரல் இடுக்கெல்லாம் அலுமினியப் பொடி, சோப்புக்குப் போகாத வெள்ளி நிறம். எட்டாவது படிச்சிருக்கேன் டீச்சர், எழுத்தெல்லாம் தெரியும், இந்தப் பொட்டிதான் தெரியாது என்றார்கள், நான் டீச்சர் இல்லைக்கா என்றேன், சொல்லித்தாறவுக டீச்சர்தான என்றார்கள். இரண்டு கட்டத்தையும் காட்டினேன், திரையில் அம்புக்குறியை எப்படி நகர்த்துவது, எங்கே அமுக்குவது, தப்பாக விழுந்தால் எப்படி அழிப்பது, எல்லாம் காட்டிவிட்டு என் வழக்கப்படி நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டேன், எழுதுகிறவர்களின் திரையை நான் பார்ப்பதில்லை. ஒற்றை விரலில் ஒன்றரை மணி நேரம் அடித்தார்கள், நடுவில் ஒரு தடவை, டீச்சர், 'ரூ' எங்கன இருக்கு என்றார்கள், திரும்பாமலே சொன்னேன்.

சனிக்கிழமை சாயங்காலம் அறையைப் பூட்டுவதற்கு முன் அந்த வாரத்துக் கேள்விகளை வரிசையாகப் பார்த்துக்கொண்டு வருகிறேன், மேல் கட்டத்தில், அனுப்புநர், மா. பத்திரகாளி, நாரணாபுரம், ரூம் நம்பர் 14. பொருள், ரூமுக்கு நாலு பேர் என்று சுவரில் எழுதிப்போட்டு எட்டுப் பேரை உட்கார வைத்து மருந்து செலுத்தச் சொல்கிறார்கள், கேட்டால் சீசன் என்கிறார்கள், இது சரியா. கம்பெனி பெயர் இல்லை, பத்திரகாளி எந்தக் கம்பெனி என்று நாரணாபுரத்தில் எவரிடமும் கேட்கவா வேண்டும். அந்தக் கேள்விகூட அப்போது என் மனதில் ஏறவில்லை, எட்டுப் பேர், வெடிமருந்து, ஒரு பொறி விழுந்தால் வாசலுக்கு ஓட எட்டுப் பேருக்கு வழி ஏது, இதெல்லாம் ஏறவில்லை, அந்தப் பெயர்தான், அதைக் கையால் மறைக்க முடியுமா என்பதுபோலத் திரை மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு ஐயாவுக்குப் போன் போட்டேன். ஹரிஷ்குமார் ஏதோ கல்யாணத்தில் இருந்தாராம், ஞாயிறு மதியம்தான் அந்தப் பக்கத்தை எடுத்தார். புதன், வியாழன், வெள்ளி, சனி. பதினோரு பேரில் ஒருவர் கம்பெனி ஆளாக இருந்தால்? இந்நேரம் அக்காவை வேலையிலிருந்து நிறுத்தியிருந்தால், நாளையிலிருந்து வராதே என்று சொல்லியிருந்தால், எதற்கு என்றே தெரியாமல் அவர்கள் வீட்டில் உட்கார்ந்திருந்தால்... அதனால்தான் சொல்ல வேண்டும், திட்டினால் திட்டட்டும், இனி உங்கள் படியை மிதிக்க மாட்டேன் என்றால் அதையும் கேட்டுக்கொள்ள வேண்டும். திருத்தங்கல்லில் பாதிப் பேருந்து இறங்கியது, மீன் கூடையோடு ஒரு அம்மா ஏறினாள், கண்டக்டர், யத்தே, கூடைக்கு டிக்கெட்டு எடு என்கிறார், மீனு ஓசியில வரும்டே, வேணும்னா வாலுக்கு மட்டும் போடு என்கிறாள், எல்லோரும் சிரிக்கிறார்கள், நானும் சிரித்தேன் போல.

சிவகாசியில் ஷேர் ஆட்டோ கிடைத்தது, நாரணாபுரத்துக்குப் பிரியும் விலக்கில் இறங்கும்போது ஏழு இருபத்திரண்டு, டிபன் வாளியும் கையுமாகப் பெண்கள் வேனுக்கு நிற்கிறார்கள், பத்திரகாளி அக்காதான் முதலில் என்னைப் பார்த்தார்கள். வாங்க டீச்சர், இம்புட்டு வெள்ளன வந்துருக்கீக, சாப்பிட்டீகளா... நான் பயந்த கேள்வி முதலாவதாகவே வந்துவிட்டது, பதில் சொல்லாமல் கையைப் பிடித்து ஓரமாகக் கூட்டிப்போய் எடுத்த எடுப்பில் சொன்னேன், பேருந்தில் அடுக்கிக்கொண்டு வந்தபடியே, உங்கள் பெயர், நான்கு நாள், எல்லோரும் பார்க்கும்படி, என் தவறு. அவர்கள், தெரியுமே என்றார்கள். என்னக்கா தெரியும்? எல்லாரும் பாப்பாகன்னு தெரியும் டீச்சர், நீங்கதான காமிச்சீக, மேல உள்ளது ஊருக்கு, கீழ உள்ளது உங்களுக்குன்னு, நா ஊருக்குத்தான் போட்டேன். பேரையுமாக்கா? பேரு இல்லாம போட்டா மொட்டக் கடுதாசில்ல, போர்மேன் அதச் சுருட்டிக் காது கொடைவாரு, எட்டுப் பேரும் பேசித்தான் போட்டோம், எட்டுப் பேரையும் போட்டா எட்டு அடுப்பும் அணைஞ்சிரும், ஒரு பேருன்னா ஒரு அடுப்பு, எம்மக திருப்பூருல பனியன் கம்பெனில இருக்கா, எனக்கு ஒரு வாய் சோறு அவ போடுவா, மத்தவளுக அப்படியா... பக்கத்தில் நின்ற ஒருத்தி, டீச்சர், இவளுக்குப் பேரு வெளிய வரணும்னு ஆசை, மாரியம்மன் கோயில் நோட்டீஸ்லயே போடலன்னு சண்டை போட்டவ என்றாள், ஏ போடி என்று அக்கா அவள் வாளியைத் தட்டினார்கள். அப்புறம் குரலைத் தாழ்த்தி, வெள்ளிக்கிழம ரூமுல அஞ்சு பேருதான் டீச்சர், மூணு பேர மரத்தடில திரி கட்ட விட்டுட்டாக, யாரோ படிச்சிருக்காக, இல்ல ஆர்டர் கொறஞ்சுச்சோ என்னமோ, சனிக்கிழமயும் அஞ்சுதான் என்றார்கள். அந்த இடத்தில்தான் நான் மீதியைச் சொல்ல வேண்டியிருந்தது, பேருந்தில் இதற்கு வாக்கியமே தயார் செய்யவில்லை, இது தவறுக்கான பரிகாரம், இதைச் சொன்னால் ஆறுதலாக இருக்கும் என்றுதான் கொண்டுவந்தேன். நேத்து அதை எடுத்துட்டோம்க்கா.

எடுத்துட்டீகளா என்றார்கள். யாரக் கேட்டு? கோபமாகக்கூட இல்லை, ரூ எங்கன இருக்கு என்று கேட்ட அதே குரல். வேன் வந்து ஹாரன் அடித்தது, டிரைவர், ஏத்தா, பேச்ச அப்புறம் வச்சுக்கிருங்க என்றான், எல்லோரும் ஏறினார்கள், அக்கா கடைசியாக ஏறி ஜன்னலில் கையை வைத்து, திருப்பிப் போட்டுருங்க டீச்சர், சீசன்ல லீவு தரமாட்டாக, என்னால வரமுடியாது, நீங்களே போட்டுருங்க என்றார்கள். ரசீது இருக்குல்ல, அதுல நம்பர் இருக்கு.

வேன் கிளம்பிய புழுதியிலேயே நின்று ஐயாவுக்குப் போன் போட்டேன். என்னம்மா, சொல்லிட்டியா, ரொம்பப் பயந்துருச்சா அந்தம்மா என்றார். இல்லை ஐயா, அவுக பயப்படலை, அவுகளைக் கேக்காம நாம எடுத்துட்டோம், திருப்பிப் போடணும் என்றேன், என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. போட்டா வேலை போயிருமேம்மா என்றார். போகலாம் ஐயா, அது அவுகளுக்குத் தெரியும். உனக்கும் தெரியும்லம்மா... தெரியும் என்றேன். அவர் எதிர்பார்த்துக் காத்திருக்கிறார், மூச்சு கேட்கிறது, என்னிடம் உறுதிக்குக் குறைவில்லை, போட வேண்டும், இன்றைக்கே போட வேண்டும், ரூம் 14-இல் இன்று எத்தனை பேரை உட்கார வைக்கப் போகிறார்களோ, மணி ஏழு நாற்பதாகிவிட்டது, ஆனால் புதன்கிழமை அந்தப் பெயரை ஒன்றரை மணி நேரம் ஒவ்வொரு எழுத்தாகத் தேடிப் போட்டது அவர்களுடைய விரல், அன்றைக்கு எனக்கு எதுவும் தெரியாது, இன்றைக்கு எல்லாம் தெரிந்துகொண்டு அதே பெயரை நான் அடித்தால் அது அவர்கள் போட்டதாகுமா, நான் போட்டதாகுமா... சொல்லும்மா என்றார் ஐயா, இருங்க ஐயா, ஒரு நிமிஷம், என்றேன்.