குத்தாலிங்கம் உயிர் கொடுத்த லேப்டாப்

தென்காசியில் மோட்டார் பம்ப் கடை வைத்திருக்கும் குத்தாலிங்கத்துக்குத் தன் பிழைப்பு மோட்டார் பம்ப் என்பதில் கொஞ்சம் வருத்தம் உண்டு. அவன் கணக்குப்படி அவன் பிறந்தது பழைய லேப்டாப்புகளைக் கரையேற்ற. அச்சன்புதூரிலிருந்து கம்பிச் சுருள் கருகிய மோட்டாரைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் வாசலில் காத்துக்கிடப்பார்கள். இவன் உள்ளே உட்கார்ந்து, கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டு, அரிசியை விடச் சின்னதாக ஒரு ஸ்குரூவைத் தேடிக்கொண்டிருப்பான்.

கடைசியாக அவன் கையில் சிக்கியது இருபது வருஷத்துக்கு முந்தைய கறுப்பு லேப்டாப் ஒன்று. சென்னையில் பழைய சாமான் கடையில் வாங்கியது. திறந்தால் கீல் கிறீச்சிடும், தூக்கினால் தோள்பட்டை வலிக்கும். ஆனால் அதன் கீபோர்டு இருக்கிறதே, அப்படி ஒரு கீபோர்டை இனி எவனும் செய்யப்போவதில்லை என்று குத்தாலிங்கம் சொல்வான். கேட்டவர்களிடம் சொன்னது போக, கேட்காதவர்களிடமும் சொன்னான்.

பழைய கூட்டுக்குள் பொருந்துகிற மாதிரி புது மதர்போர்டு செய்து விற்கிற ஆட்கள் வெளிநாட்டில் இருக்கிறார்கள். அதை வரவழைத்தான். புது போர்டு சூடாகும் என்பதால் அடிப்பக்கத்து மூடியில் வட்டமாக ஓட்டை போட்டு, பெரிய ஃபேன் ஒன்றை மாட்டினான். ஓட்டை போட்டது பம்ப் கடை டிரில்லிங் மெஷினால். போட்டோவை இணையக் குழுவில் போட்டதும் போலந்துக்காரர் ஒருவர் கும்பிடு போட்டார், பிரேசில்காரர் ஒருவர் நெருப்புப் படம் போட்டார். மேலகரத்தில் அவன் வீட்டில் மட்டும் யாரும் எதுவும் போடவில்லை.

வீட்டில் இருந்தது அவன் மனைவி சங்கரேஸ்வரி ஒருத்திதான். அவளுக்கு வேறு வேலை இருந்தது. ஆஸ்பத்திரி ரிப்போர்ட்டுகளைப் படித்து, ஒவ்வொரு நோய்க்கும் உரிய குறியீட்டைப் போடுகிற மெடிக்கல் கோடிங் படிப்பை வீட்டிலிருந்தபடியே படித்துப் பாஸ் செய்திருந்தாள். எத்தனையோ விண்ணப்பங்களுக்குப் பிறகு ஒரு கம்பெனி அவளைக் கூப்பிட்டிருந்தது. கேமரா முன்னால் உட்கார்ந்து, அவர்கள் பார்க்கப் பார்க்கச் செய்ய வேண்டிய தேர்வு. தேறினால் வீட்டிலிருந்தே வேலை. கல்யாணத்துக்குப் பிறகு அவள் தனக்கென்று ஆசைப்பட்டது இந்த ஒன்றுக்குத்தான்.

தேர்வு அன்று காலையில் அவள் தன் வெள்ளி நிற லேப்டாப்பைத் திறந்தாள். திரை இருந்த இடத்தில் வெறும் பிளாஸ்டிக் சட்டம் இருந்தது.

"என்னங்க, இதுல இருந்த ஸ்கிரீன் எங்க?"

குத்தாலிங்கம் காபி குடித்துக்கொண்டிருந்தான். இதைச் சொல்ல நல்ல நேரம் பார்த்துக்கொண்டிருந்தவன், இதுதான் அந்த நேரம் என்று முடிவு செய்தான். "அது கறுப்புல மாட்டியாச்சுட்டி. மெமரி, வைஃபை கார்டு, ஹார்டுடிஸ்க் எல்லாம் அதுலதான் இருக்கு. ஒன்னோடத விட மூணு மடங்கு ஸ்பீடு தெரியுமா."

"இன்னைக்கு எனக்கு இன்டர்வியூன்னு ஒங்களுக்குத் தெரியுமா தெரியாதா?"

"தெரிஞ்சுதான மாட்டுனேன். ஒனக்கு நல்லதா ஒண்ணு இருக்கட்டும்னுதான்."

இதைச் சொல்லும்போது அவன் முகத்தில் பொய் இல்லை. மனைவியின் லேப்டாப்பை உரித்துத் தன் லேப்டாப்புக்குப் போர்த்தியதை அவளுக்குச் செய்த உபகாரமாகவே அவன் நம்பினான். திருப்பி மாட்டச் சொன்னாள். திரையின் ஒயர் கழற்றும்போதே அறுந்துபோனதால், அதை ஒட்ட வைத்து வேறு விதமாக இணைத்திருப்பதாக அடக்கத்தோடு சொன்னான். சங்கரேஸ்வரி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். பிறகு கறுப்பை எடுத்துவரச் சொன்னாள்.

குத்தாலிங்கம் அதை மேற்கு ஜன்னல் ஓரத்து மேஜையில், ஃபேன் ஜன்னலைப் பார்க்கும்படி சாய்த்து நிறுத்தினான். இந்த ஏற்பாட்டில் அவனுக்குத் தனிப் பெருமை. ஊரில் மற்றவர்கள் லேப்டாப் சூட்டுக்கு ஏசி போடுகிறார்கள். இவனுக்கு மலையே கணவாயைத் திறந்து காற்றை அனுப்புகிறது. சித்திரை மாதத்தில் இதே ஜன்னலில் வைத்துப் பார்த்தபோது போர்டு ஜில்லென்று இருந்தது. இப்போது ஆடி. குற்றாலத்தில் சீசன் உச்சத்தில் இருந்தது, காற்று ஜன்னல் கதவைப் பிடித்து ஆட்டியது. அவனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"சாரல் அடிக்கே. ஜன்னலச் சாத்துங்க."

"ஏட்டி, சாரல்லாம் ஒரு மழையா? இதுக்குன்னு அவனவன் மெட்ராஸ்லேர்ந்து ரூம் போட்டு வந்து நனையுதான். நீ சாத்தச் சொல்லுத."

அவனைக் குறை சொல்லிப் பயனில்லை. அந்தப் பக்கத்துக்காரர்கள் யாரும் சாரலை மழைக் கணக்கில் சேர்ப்பதில்லை. சாரலில் கடைக்குப் போவார்கள், சாரலில் நின்று அரை மணி நேரம் அரசியல் பேசுவார்கள், குடையை விரித்தவனை வெளியூர்க்காரன் என்று பார்ப்பார்கள். ஆனால் குத்தாலிங்கம் மாட்டிய ஃபேனுக்கு இந்த ஊர் வழக்கம் எதுவும் தெரியாது. அது காற்றை இழுத்தது. காற்றோடு வந்ததையும் சேர்த்து இழுத்தது.

தேர்வு நன்றாகவே ஆரம்பித்தது. கேமராவில் ஒரு பெண்ணும் ஒரு ஆணும் வந்து வணக்கம் சொன்னார்கள். சங்கரேஸ்வரி முதல் ரிப்போர்ட்டை முடித்தாள், இரண்டாவதையும் முடித்தாள். குத்தாலிங்கம் கேமராவுக்குத் தெரியாமல் சுவரோரம் நின்று, அவள் விரல்களைப் பார்த்தான். அந்தக் கீபோர்டின் சத்தம் எவ்வளவு கம்பீரமாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டான்.

மூன்றாவது ரிப்போர்ட்டில் திரையின் குறுக்கே பச்சைக் கோடு ஒன்று ஓடியது. பிறகு ஒரு எழுத்து யாரும் தொடாமலே வரிசையாக விழுந்துகொண்டு போனது. பிறகு எல்லாம் இருண்டது.

"ஒரு நிமிஷம் பொறு. ரீஸ்டார்ட் ஆவுது" என்றான்.

ஆகவில்லை. தூக்கிப் பார்த்தான். அடி மூடியிலிருந்து தண்ணீர் ஒரு சொட்டு மேஜையில் விழுந்தது.

சங்கரேஸ்வரி எழுந்தாள்.  செல்போனை எடுத்துக் கம்பெனிக்குப் பேசினாள். மதியத்துக்குள் வேறு கம்ப்யூட்டரில் உட்கார்ந்தால் விட்ட இடத்திலிருந்து தொடரலாம் என்றார்கள். மெயின் ரோட்டில் அப்துல் ஜப்பார் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருந்தார். ரயில் டிக்கெட்டும் பாஸ்போர்ட் சைஸ் போட்டோவும் எடுத்துத் தருகிற கடை. அங்கே கேமராவோடு ஒரு கம்ப்யூட்டர் உண்டு. அவள் ஸ்கூட்டர் சாவியை எடுத்தாள்.

"இரு, நானும் வாரேன்" என்றான் குத்தாலிங்கம். ஈரம் உள்ளே பரவுவதற்குள் பேட்டரியையாவது கழற்றிவிடலாம் என்று குனிந்தான். பேட்டரிக்குப் பிறகு மூடி, மூடிக்குப் பிறகு ஃபேன். நிமிர்ந்து பார்த்தபோது வீட்டில் அவனைத் தவிர யாரும் இல்லை. ஸ்கூட்டர் போன சத்தம்கூட அவன் காதில் விழுந்திருக்கவில்லை.

அவள் சாயங்காலம் திரும்பினாள். போட்டோ எடுக்க வந்தவர்களை எல்லாம் வாசலில் நிறுத்திவைத்து, ஃபேனையும் அவள் பக்கம் திருப்பிவிட்டு, ஜப்பார் பாய் கதவருகே காவல் இருந்தாராம். அதை மட்டும் சொன்னாள். தேர்வு எப்படி இருந்தது என்று கேட்க அவனுக்குத் தைரியம் வரவில்லை. இணையக் குழுவில் யோசனை கேட்பதற்குத் தைரியம் இருந்தது. போலந்துக்காரர், மழையில் வைத்தீர்களா என்று கேட்டார். குத்தாலிங்கத்துக்குச் சுருக்கென்றது. மழையே பெய்யவில்லை என்று ரோஷத்தோடு பதில் போட்டான்.

சில நாள் கழித்து, அவன் மதர்போர்டைப் பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் சுத்தம் செய்துகொண்டிருந்தபோது சங்கரேஸ்வரி செல்போனோடு வந்து எதிரே உட்கார்ந்தாள். அவள் கண் கலங்கியிருந்தது. சிரித்துக்கொண்டும் இருந்தாள்.

"வேல கெடச்சிட்டுங்க. ஒண்ணாந்தேதி சேரச் சொல்லுதாங்க. லேப்டாப்பும் கம்பெனியே அனுப்புதாம்."

"என்ன மாடல்?" என்றான் குத்தாலிங்கம்.

கேட்டு முடித்த பிறகுதான் தான் என்ன கேட்டோம் என்று அவனுக்கு உறைத்தது. அவள் முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டிருந்தது. அவனுக்கு வெட்கமாக இருந்தது. பிரஷ்ஷைக் கீழே வைத்தான்.

"இல்லட்டி, சந்தோஷத்துல வாய் தவறிட்டு. ரொம்ப சந்தோஷம். சத்தியமா அத நான் தொட மாட்டேன். ஒரு ஸ்குரூவக்கூடத் தொட மாட்டேன்."

"தொட மாட்டீங்கன்னு எனக்கும் தெரியும்" என்றாள் சங்கரேஸ்வரி. "அது இங்கன வராது. ஜப்பார் பாய் கடை மாடி ரூம் சும்மாதான் கெடக்குன்னாரு. அந்த அட்ரஸத்தான் குடுத்திருக்கேன். நானும் அங்கன இருந்துதான் வேல பாக்கப் போறேன்."

எழுந்து சமையலறைக்குப் போனாள். குத்தாலிங்கம் மேஜையில் பரப்பியிருந்த ஸ்குரூக்களை ஒவ்வொன்றாக டப்பாவில் போட்டு மூடினான்.