அவள் ஏறினால் மட்டும் சூடாகும் வண்டி

மேம்பாலத்தின் ஏற்றத்தில் வண்டி நின்றுபோனது, அந்த மாதத்தில் அது நான்காவது முறை. இன்ஜினிலிருந்து எழுந்த வெக்கை பேண்ட் துணியைத் தாண்டிக் கெண்டைக்காலைச் சுட்டது. எண்ணெய் கருகும் வாடை. இறங்கி ஓரமாகத் தள்ளினேன். மனைவி கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். என்னைப் பார்க்கவில்லை.

"ஆற எவ்வளவு நேரம் ஆகும்?"

"கால் மணி நேரம்."

"அதுக்குள்ள அங்க பத்துப் பேர் வெறும் வயித்தோட கையை நீட்டிக்கிட்டு நிப்பாங்க."

ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கும் மருத்துவமனையில் ரத்தம் எடுப்பது அவள் வேலை. காலை ஆறரைக்கு ஊசியோடு தயாராக இருக்க வேண்டும். அந்த நேரத்துக்குப் பஸ் கிடையாது. அந்த வியாழக்கிழமை இருபது நிமிடம் தாமதம். மேற்பார்வையாளர் திட்டியிருந்தாலும் பரவாயில்லை, திட்டவில்லையாம். "இன்னொரு தடவை லேட்டானா வேற ஆளைப் பாத்துக்கறேம்மா" என்று அமைதியாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டாராம்.

வெள்ளியும் சனியும் அவள் தம்பி தன் ஸ்கூட்டரில் கொண்டுபோய் விட்டான். திங்கட்கிழமை விடிவதற்குள் அவன் வேலைக்காக வெளியூர் கிளம்பிவிடுவான். ஆக, வண்டியைச் சரிசெய்ய எங்களுக்கு இருந்தது மூன்று நாள்.

எங்கள் மெக்கானிக்கைப் பத்தாம் நம்பர் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். எந்த வண்டி வந்து நின்றாலும் என்ன கோளாறு என்று கேட்பதற்கு முன் அவர் பத்தாம் நம்பர் ஸ்பேனரைத் தேடுவார். ஆயிலை மாற்றினார். பிளக்கைக் கழற்றி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கார்புரேட்டரைப் பிரித்துக் கழுவினார். இன்ஜினைச் சுற்றியிருக்கும் தகடுகளின் இடுக்கில் காய்ந்திருந்த சேற்றைப் பழைய பல் பிரஷ்ஷால் சுரண்டினார். பிறகு தானே அரை மணி நேரம் ஓட்டிவிட்டு வந்தார்.

"ஐஸ் மாதிரி இருக்கு சார். வேணா நீங்களே பாருங்க."

பார்த்தேன். மேம்பாலத்தில் இரண்டு முறை ஏறி இறங்கினேன். ஒரு பெருமூச்சுகூட விடாமல் போனது.

ஞாயிற்றுக்கிழமை காலை, சோதித்துப் பார்க்க அதே வண்டியில் அவளை ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். பாலத்தின் அடிவாரம் வருவதற்குள் வாடை வந்துவிட்டது. திரும்பினோம். பட்டறை வாசலில் அவள் தம்பி எங்களுக்காகக் காத்திருந்தான்.

"உன் வெயிட்டுதான்க்கா. ஒத்துக்கோ."

"நான் அம்பத்தி மூணு கிலோ. நீ எவ்வளவு?"

"அது எதுக்கு இப்போ?"

"ஏறு."

அவன் தொண்ணூறுக்கு மேல். ஏறியதும் வண்டி ஒரு சாண் தாழ்ந்தது. சூடு ஆறும்வரை காத்திருந்துவிட்டு, அவனை வைத்துக்கொண்டு பாலத்தில் மூன்று முறை போய்வந்தேன். ஒன்றும் ஆகவில்லை. அவளுடைய கைப்பையை அவன் தோளில் மாட்டிவிட்டு இன்னொரு முறை. அப்போதும் ஆகவில்லை.

பத்தாம் நம்பர் கையிலிருந்த ஸ்பேனரால் தலையைச் சொறிந்தார். "முப்பது வருசமா இந்தத் தொழில்ல இருக்கேன். ஆளைப் பாத்துச் சூடாகிற வண்டியைப் பாத்ததில்ல."

"என்னைக் கண்டா அதுக்குப் பிடிக்கல. வேற என்ன?" என்றாள் மனைவி.

பட்டறைப் படியில் உட்கார்ந்து வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தேன். உண்மையைச் சொன்னால், ஏன் இப்படி என்ற அந்தக் கேள்வி எனக்குப் பிடித்திருந்தது. அவள் வேலை போகப்போகும் நேரத்தில் ஒரு புதிரை ரசிக்கிறோமே என்று கூச்சமாகவும் இருந்தது. பாதை அதேதான். பெட்ரோல் அதேதான். எடை இல்லை என்று தெரிந்துவிட்டது. அவள் உட்காரும்போது என்ன மாறுகிறது? காற்று மறைகிறதா? பின்னால் இருப்பவள் முன்னால் வரும் காற்றை எப்படி மறைப்பாள்? ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வந்தேன். சோதிக்க வேண்டிய பொருள்களின் பட்டியலில் நானும் உண்டு என்பது மட்டும் எனக்குத் தோன்றவே இல்லை.

"நீங்க அக்காவோட முன்னாடி போங்க சார்," என்றார் பத்தாம் நம்பர். "நாங்க ஸ்கூட்டர்ல பின்னாடியே வர்றோம். ஒருவேளை புகை கிகை வருதான்னு பாக்கறேன்."

கிளம்பினோம். நான்காவது தெரு தாண்டும்போது பின்னாலிருந்து ஹாரன் விடாமல் அடித்தது. ஓரங்கட்டி நிறுத்தினேன். மைத்துனன் ஹெல்மெட்டைக் கழற்றியபடி வந்தான்.

"மாமா, எதுக்கு பிரேக்கைப் பிடிச்சுக்கிட்டே ஓட்டறீங்க?"

"நான் பிடிக்கவே இல்லியே."

"பின்னாடி சிவப்பு லைட்டு அணையவே இல்ல. நாலு தெருவா பாத்துக்கிட்டு வர்றேன். நான் உங்க பின்னாடி உக்காந்திருந்தா எனக்கெப்படித் தெரியும்?"

பத்தாம் நம்பர் குனிந்து பின்சக்கரத்தின் நடுவில் விரலை வைத்தார். வைத்த வேகத்தில் எடுத்து வாயருகே கொண்டுபோய் ஊதினார்.

"அப்படிப் போடு. சக்கரத்தை நீங்க இறுக்கிப் பிடிக்கறீங்க, அதையும் மீறி இன்ஜின் இழுத்தாகணும். பின்ன கொதிக்காம என்ன செய்யும்? அன்னிக்கே ஸ்டாண்டுல போட்டு சக்கரத்தைச் சுத்திவிட்டுப் பாத்தேன் சார், பம்பரமாச் சுத்துச்சு. உங்க காலை ஸ்டாண்டுல போட்டுப் பாக்கத்தான் விட்டுட்டேன்."

நான் கீழே பார்த்தேன். வண்டி நின்று, இன்ஜினும் அணைந்துவிட்டது. இடது காலைத் தரையில் ஊன்றியிருந்தேன். என் வலது கால் அப்போதும் பிரேக்கை மிதித்துக்கொண்டிருந்தது.

அதை எடுக்கச் சற்று நேரம் ஆனது.

எட்டு மாதத்துக்கு முன்பு, ஒரு திருப்பத்தில் கிடந்த மணலில் வண்டி சறுக்கியது. எனக்கு ஒரு கீறல்கூட இல்லை. அவளுக்கு மணிக்கட்டு எலும்பு முறிந்தது. நான் ஒரு நொடி முன்னால் பிரேக் பிடித்திருந்தால் என்று நான்தான் நினைத்தேன், வேறு யாரும் சொல்லவில்லை. ஆறு வாரத்தில் கட்டுப் பிரித்து அவள் வேலைக்குப் போனாள். விஷயம் அத்தோடு முடிந்தது என்று நானும் நம்பினேன். கால் அதை நம்பவில்லை போலிருக்கிறது. அவள் ஏறும் ஒவ்வொரு முறையும், என்னைக் கேட்காமல், அந்த ஒரு நொடியை முன்கூட்டியே பிடித்து வைத்துக்கொண்டிருந்திருக்கிறது.

மனைவி இறங்கி என் பக்கம் வந்து நின்றாள். புரிந்துவிட்டது என்பது அவள் முகத்தில் தெரிந்தது.

"விழுந்தது நான்," என்றாள்.

"தெரியும்."

"எனக்கே மறந்துபோச்சு."

மைத்துனன் ஏதோ கிண்டலுக்கு வாயெடுத்தவன், அக்காவைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டான். பத்தாம் நம்பர் பட்டறைக்கு வந்து பிரேக் மிதியை ஒரு விரற்கடை தாழ்த்தி வைத்தார். "என்னால இவ்வளவுதான் முடியும். காலை முடுக்க என்கிட்ட ஸ்பேனர் இல்ல."

திங்கட்கிழமை ஆறு மணிக்கெல்லாம் கிளம்பினோம். வண்டி இழுபடுவதுபோல் தோன்றினால் முதுகில் தட்டுவதாக அவள் சொல்லியிருந்தாள். முதல் தெருவிலேயே ஏழு தட்டு. குதிகாலைக் கால்தாங்கியில் அழுத்தி, விரல்களை மேலே தூக்கி வைத்துக்கொண்டேன். சிறிது தூரம் போனதும் அவை தாமாகவே இறங்கின. ஒரு தட்டு. பாலத்தின் ஏற்றம் வந்தது. எதிர்க்காற்று முழங்காலில் அறைந்தது. அவளை வைத்துக்கொண்டும் வண்டி இவ்வளவு வேகமாகப் போகும் என்பதையே நான் மறந்திருந்தேன். பாலத்தின் உச்சியில், லாரி ஒன்று முந்திப்போனபோது கால் பதறிக்கொண்டு இறங்கியது. இரண்டு தட்டு, கொஞ்சம் பலமாக. எடுத்துவிட்டேன். இறக்கத்தில் என் கண்ணெல்லாம் சாலையில் கிடக்கும் ஒவ்வொரு பொடி மணலின் மீதும்.

மருத்துவமனை வாசலை அடைந்தபோது ஆறு இருபது. காவலாளி கடிகாரத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்த்து, "என்னம்மா, ராத்திரி இங்கயே தங்கிட்டீங்களா?" என்று கேட்டார்.

அவள் இறங்கி ஹெல்மெட்டைக் கொடுத்தாள். என் வலது கால் தொடையிலிருந்து நடுங்கிக்கொண்டிருந்தது. நிறுத்தப் பார்த்தேன், முடியவில்லை. அவள் அதைக் கவனித்தாள். பையைத் தோளில் சரிசெய்துகொண்டு உள்ளே நாலடி நடந்தவள், திரும்பி வந்தாள்.

"சாயந்தரம் கூட்டிட்டுப் போகும்போது பிரேக்கைப் பிடிச்சுக்கிட்டே ஓட்டுங்க. எனக்கு அவசரம் இல்ல."