ஏப்ரல் வழிக்கு வாங்கிய டயர்

பின்சக்கரம் இரண்டும் அச்சு வரை சதுப்புக்குள் போய்விட்டன. நான் மாரெத் அக்காவின் இடுப்பை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு, "இறங்கிடலாமாக்கா? இறங்கிடலாமா?" என்று கத்திக்கொண்டிருந்தேன். முன்னால் கலைமான் மந்தை குட்டிகளோடு போய்க்கொண்டிருந்தது. பின்னால் வண்டி வரவில்லை என்று தெரிந்த நிமிடமே அது காற்று வரும் பக்கம் திரும்பி மறுபடி மலையேறிவிடும்.

"கத்தாதடி இங்கா. நீ கத்தினதுல இன்னும் ஒரு சாண் இறங்கிருச்சு," என்றாள் அக்கா.

டிரில், என் டைரியே, உன்னிடம் மட்டும்தான் இதைச் சொல்கிறேன். மணி ராத்திரி இரண்டு. கோடையில் இங்கே மறையாத சூரியன் கூடாரத் துணியில் பளீரென்று அடிக்கிறது, எல்லாரும் தூங்குகிறார்கள், எனக்கு மட்டும் தூக்கம் வரவில்லை. அந்த டயரைத் தேர்ந்தெடுத்தது நான்.

போன வாரம் ஆல்தாவில் இருந்தேன் அல்லவா, அப்போது அக்கா மலையிலிருந்து போன் செய்தாள். பழைய டயர் தேய்ந்து வழவழ என்று ஆகிவிட்டதாம், ஒன்றைக் கல் வேறு கிழித்துவிட்டதாம். "நீதான் டவுன்ல இருக்கியே, பாத்து எடுத்துட்டு வா. வழி தெரியும்ல?" தெரியும் என்றேன். எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா? மூன்று வருடமாக மந்தைக்குப் பின்னால் ஏடிவி என்கிற இந்த நாலு சக்கர மலைவண்டியை ஓட்டுவது மாரெத் அக்காதான். இருபத்திரண்டு வயதுக்குள் அந்த இடம் எங்களில் வேறு யாருக்கும் கிடைத்ததில்லை. வேகமாகப் போனால் குட்டி தாயை விட்டுப் பிரிந்துவிடும், மெதுவாகப் போனால் மந்தை சிதறிவிடும். இவள் ஒரு முழங்காலை சீட்டில் ஊன்றி நின்றபடி ஓட்டுவாள். ஒரு மானின் காது திரும்பினால் போதும், அது ஓட நினைப்பதற்குள் இவள் அங்கே நிற்பாள்.

கடைக்காரர் மூன்று டயர்களை உருட்டிவந்தார். ஒன்றில் விரல் நீளத்துக்கு ரப்பர் பட்டன், சேற்றைத் தோண்டிக்கொண்டு போகும். பாசியைக் கிழித்தால் தடம் முப்பது வருடம் மறையாது என்பதால் எங்கள் ஆட்கள் யாரும் அதைத் தொடுவதில்லை. இரண்டாவது அகலம், மெத்தென்று இருந்தது, பாசிமேல் மிதந்து போகுமாம். மூன்றாவது ஆறு அடுக்கு. பக்கவாட்டில் தட்டினால் பலகை மாதிரி சத்தம். கல்லுக்கென்றே செய்தது.

"வழி எப்படிம்மா?" என்றார்.

போனில் நான் பதிவுசெய்து வைத்திருந்த வழியைக் காட்டினேன். "பாதி கல்லு. மீதியெல்லாம் சமதளம்ணா."

"அப்ப யோசிக்கவே வேணாம். கல்லு டயர்தான்."

அந்த வழியை நான் பதிவுசெய்தது ஏப்ரலில், பனி ஸ்கூட்டரில். ஏப்ரலில் இங்கே எல்லாமே இறுகி, மேலே ஒரு மீட்டர் பனியோடு கிடக்கும். நான் சமதளம் என்று சொன்னது அத்தனையும் சதுப்பு! பனி இல்லாமல் அந்த வழியில் நான் போனதே இல்லை. பள்ளிக்கூடத்தால் கோடையில் தாமதமாகத்தான் வருவேன், வந்தாலும் பட்டியிலேயே நின்றுவிடுவேன்.

மாரெத் ஆக்ஸிலேட்டரை முறுக்கவில்லை. நானாக இருந்தால் முறுக்கி, வண்டியை முழுசாகப் புதைத்திருப்பேன். அவள் இஞ்சினை அணைத்தாள். "நீ இறங்கு. நாப்பத்தெட்டு கிலோ குறையட்டும்." கத்தி முனையால் நான்கு டயரிலும் வால்வை அழுத்திக் காற்றை விட்டாள். கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தாள், இன்னும் கொஞ்சம் விட்டாள். டயர் தரையில் படர்ந்து அகலமானது. குத்துச்செடிகளை வெட்டிச் சக்கரத்துக்கடியில் திணித்தாள். போதவில்லை. தன் கோட்டைக் கழற்றி அதையும் திணித்தாள். அப்புறம் முதல் கியரில் ஒரு விரற்கடை முன்னால், ரிவர்ஸில் ஒரு விரற்கடை பின்னால், தொட்டில் ஆட்டுகிற மாதிரி. நான் பின்னாலிருந்து தள்ளினேன். வண்டி வெளியே வந்தது. நான் முகங்குப்புற விழுந்தேன்.

"மூக்கைத் தொடச்சிக்க. ஏறு."

மீதிச் சதுப்பை அவள் நேராகக் கடக்கவில்லை. சிவந்த பாசியை விட்டு விலகி, செடிகள் வேர்பிடித்து நிற்கும் திட்டுகளாகப் பார்த்து வளைந்து வளைந்து போனாள். அடுத்தது கல்மேடு. காற்றுக் குறைந்த டயரில் ரிம் நசுங்கிவிடும் என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன். ஒவ்வொரு கல்லாகப் பார்த்துச் சக்கரத்தை வைத்தாள் டிரில், ஒரு கல்லிலும் ரிம் இடிக்கவில்லை. மந்தை திரும்ப ஆரம்பித்திருந்தது. அவள் துரத்தவில்லை. வெகுதூரம் சுற்றி முன்னால் போய், இஞ்சினை அணைத்துவிட்டுச் சும்மா நின்றாள். முதல் மான் நின்றது, அவளைப் பார்த்தது, தானாகப் பட்டிப் பக்கம் திரும்பியது. ஒரு குட்டிகூடத் தாயை விட்டுப் பிரியவில்லை. என் அக்கா என்று கத்த வேண்டும்போல இருந்தது.

பட்டியில் பெரியப்பா நீலாஸும் அவர் மகன் மிக்கலும் காத்திருந்தார்கள்.

"என்ன மாரெத், சதுப்புல குளியலா? சொல்லியிருந்தா சோப்பு குடுத்து விட்டிருப்பேனே!" என்றான் மிக்கல்.

"உன் சோப்பு நீயே வச்சிக்க. உனக்குத்தான் வருஷத்துக்கு ஒருநாள் தேவைப்படும்."

பெரியப்பா சிரிக்கவில்லை. வண்டியைச் சுற்றிவந்து டயரைக் காலால் உதைத்தார். "எந்த அறிவாளி எடுத்தது இத?"

நான் வாயைத் திறந்தேன்.

"நான்தான் பெரியப்பா," என்றாள் மாரெத்.

"நீயா?"

"ஆமா. கல்லு நெறைய இருக்கேன்னு எடுத்தேன்."

அவர் டயரை மறுபடி உதைத்தார். "சதுப்ப மறந்துட்டு டயர் எடுக்கிறவள நம்பி வர்ற செப்டம்பர்ல குளிர்கால மேய்ச்சலுக்கு ஓட்டுறப்ப மந்தைய எப்படி விடுறது? பின்னால மிக்கல் போகட்டும். காலைல காபி குடிச்சிட்டு முடிவு சொல்றேன்."

எல்லாரும் போனபிறகு அக்கா வண்டியடியில் குந்தி, பட்டன் இடுக்கில் இருந்த பாசியைக் குச்சியால் நோண்டிக்கொண்டிருந்தாள்.

"ஏன்க்கா அப்படிச் சொன்ன?"

"உண்மைய சொன்னா உன்னை அடுத்த பஸ்ல டவுனுக்கு ஏத்திருவாரு. இந்தப் பட்டியில குட்டிக்குக் காதுல நம்ம அடையாளம் வெட்டணும்னு ரெண்டு வருஷமா என் உயிர எடுத்தியே."

"உனக்கு மந்தை போயிடுமே."

"போனா போகுது." குச்சி உடைந்தது. வேறு குச்சி எடுத்தாள். "வாயத் தெறந்த, தச்சிருவேன்."

ஆறு மணிக்குப் பெரியப்பா காபிக் கெட்டிலை அடுப்பில் வைப்பார். நான் சொன்னால் மாரெத்துக்கு அந்த இடம் திரும்பக் கிடைக்கலாம். ஆனால் அவருக்குத் தப்பான டயரைவிடப் பொய்தான் ஆகாது. தன் முகத்துக்கு நேரே பொய் சொன்னவள் என்று தெரிந்தால், செப்டம்பர் என்ன, இனி எந்த வருடமும் அவளை மந்தைக்குப் பின்னால் விடமாட்டார். சொல்லாவிட்டால் மிக்கல் ஓட்டுவான், அவள் வேலியோரம் நின்று பார்ப்பாள்.

டிரில், நான் வாயைத் திறந்தால் அவளைக் காப்பாற்றுகிறேனா, காட்டிக்கொடுக்கிறேனா?