தட்டு காலியானால்தான் எழலாம்

தாயில்பட்டிப் பள்ளியில் மதியச் சோறு வீணாவதைப் பார்த்துப் பார்த்து ஞானசுந்தரி டீச்சருக்கு வயிறு எரிந்தது. கழுநீர் வாளி தினமும் நிறைந்து வழியும். பொறுத்துப் பார்த்தவள் இந்த வருஷம் ஒரே போடாகப் போட்டுவிட்டாள்: தட்டு காலியானால்தான் எழலாம். சொன்னதோடு விடாமல் குழாயடியில் காவலுக்கும் நின்றாள். வாளி பாதியாய்க் குறைந்தது. டீச்சருக்குப் பெருமை பிடிபடவில்லை.

பிடிகொடுக்காதவள் நான்காம் வகுப்பு பிரீத்தி ஒருத்திதான். கொறிப்பதுபோல நாலு வாய் தின்பாள். மிச்சத்தைப் பக்கத்துத் தட்டில் தள்ளிவிட்டு ஒன்றும் அறியாத பூனையாய் உட்கார்ந்திருப்பாள்.

அன்று வராந்தாவில் பிள்ளைகளை உட்காரவைத்துச் சாம்பார் சோறும் முட்டையும் போட்டு முடித்த நேரம், தரை அதிர்ந்தது. ஜன்னல்கள் தடதடத்தன. சுற்றிலும் பட்டாசுக் கம்பெனிகள் இருக்கும் அந்த ஊருக்கு வெடிச்சத்தம் புதிதில்லை. ஆனாலும் எது வெள்ளோட்டத்துக்குப் போட்ட வெடி, எது விபத்து என்று அங்கே ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். வெம்பக்கோட்டை ரோட்டுப் பக்கம் கரும்புகை எழுந்தது.

"எங்கம்மா கம்பெனி அங்கனதான்!" என்று பிரீத்தி எழுந்தாள். அவளைப் பார்த்து வராந்தாவே எழுந்தது.

வெளியே விட்டால் அத்தனையும் புகையைப் பார்த்துத்தான் ஓடும். ஒன்று வெடித்த இடத்தில் இன்னொன்று வெடிக்காது என்று யார் சொல்வது? ஞானசுந்தரி ஓடிப்போய்க் கேட்டைப் பூட்டினாள். பிள்ளைகளை எதைச் சொல்லி உட்கார வைப்பது என்று தெரியவில்லை. வாயில் வந்தது பழைய சட்டம்தான்.

"ஏலே, உக்காருங்க! தட்டு காலியாகாம ஒருத்தரும் எந்திரிக்கக் கூடாது. சாப்பிட்டு முடிச்சாத்தான் வீட்டுக்குப் போன் போட்டுத் தருவேன்."

பிள்ளைகள் உட்கார்ந்தன. அவள் தூண் மறைவில் நின்று பிரீத்தியின் அம்மா பேச்சியம்மாளுக்குப் போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. கம்பெனி வாசலிலேயே செல்போனை வாங்கி வைத்துவிடுவார்கள், அதனால்தான் எடுக்கவில்லை என்று மனத்தைத் தேற்றிக்கொண்டாள். மனம் கேட்கவில்லை.

அதற்குள் பிரீத்தி வந்து தட்டை நீட்டினாள். ஒரு பருக்கை இல்லை.

"காலியாயிருச்சு டீச்சர். அம்மாட்டப் பேசணும்."

உள்ளதைச் சொல்ல ஞானசுந்தரிக்குத் தைரியம் வரவில்லை. கரண்டியை எடுத்து இன்னும் கொஞ்சம் சோறு வைத்தாள்.

"இதையும் சாப்பிடு தாயி. அதுக்குள்ள லைன் கிடைச்சிரும்."

சொன்ன வாயில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. பிள்ளை மறுபேச்சுப் பேசாமல் அள்ளித் திணித்துவிட்டு மறுபடி வந்து நின்றது. போனை இன்னும் யாரும் எடுக்கவில்லை. மறுபடியும் ஒரு கரண்டி வைத்தாள். தொண்டையில் இறங்காததைத் தண்ணீர் குடித்துக் குடித்து அந்தப் பிள்ளை விழுங்கியது. வெளியே ஆம்புலன்ஸ் அலறிக்கொண்டு போனது.

அப்புறம் கேட்டை யாரோ படபடவென்று தட்டினார்கள். பேச்சியம்மாள்தான். உடம்பெல்லாம் வெடிமருந்துப் பொடி, காலில் செருப்பில்லை.

"எம்புள்ள இருக்காளா டீச்சர்? வெடிச்சது பக்கத்துக் கம்பெனி. இவ பயந்து அங்கன ஓடிவந்துருவாளோன்னுதான் வந்தேன்."

ஞானசுந்தரி பூட்டைத் திறந்தாள். உயிர் வந்தது அவளுக்கு. பிரீத்தி பாய்ந்துபோய் அம்மாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். கட்டிய கையோடு குமட்டினாள். தின்ற சோறெல்லாம் வாசலில் வந்து விழுந்தது.

வாயைக்கூடத் துடைக்காமல் அம்மாவை விட்டுவிட்டு டீச்சரைத் திரும்பிப் பார்த்தாள். வெடிக்குப் பயந்ததைவிட அதிகமாய்ப் பயந்திருந்தாள்.

"வேணும்னு செய்யல டீச்சர். நான் சோத்தை வீணாக்கல."