மணல்மேட்டுக் காட்டவரை

துளசிங்கத்துக்கு அன்றைக்குக் காலையிலேயே எரிச்சல். காயப்போட்ட வலையைச் சுருட்டலாம் என்று இழுத்தால், மணல்மேடு முழுக்கப் படர்ந்திருந்த காட்டவரைக் கொடி விடுவேனா என்றது. காய்ந்த நெற்றுகள் கண்ணிக்குக் கண்ணி மாட்டியிருந்தன. வெடுக்கென்று இழுத்ததில் புது வலை கிழிந்தது.

"இன்னா கொடிடா இது, ஆடுகூட வாய வெக்காது," என்றார் தம்பி தேவேந்திரனிடம். "இத்த மொத்தமா வாரிட்டா ஊருக்கே வல காயப்போட எடம்."

பழவேற்காட்டு ஏரிக்கும் கடலுக்கும் நடுவே ஒடுங்கிக் கிடக்கும் அந்தக் குப்பத்துக்குத் துளசிங்கம்தான் நாட்டார், ஊர்த்தலைவர். நாட்டார் வாயிலிருந்து வந்துவிட்டால் அது ஊர்க்கட்டு. வீட்டுக்கு ஓர் ஆள் வந்தாக வேண்டும். மறுநாள் ஒருவரும் தொழிலுக்குப் போகவில்லை. மதியத்துக்குள் மேட்டை மொட்டையடித்துவிட்டார்கள். அவர் மனைவி பச்சையம்மா மட்டும், "அது பாட்டுக்குக் கெடக்குது, உன்ன இன்னா பண்ணிச்சு?" என்றாள். யார் காதில் விழுந்தது?

அந்தக் கொடி என்ன வேலை செய்துகொண்டிருந்தது என்று எவரும் பார்க்கவில்லை, அதுதான் வயிற்றெரிச்சல். கணுவுக்குக் கணு வேர்விட்டு, வருஷக்கணக்காக அந்த மணலைக் கட்டிப்போட்டிருந்தது. உப்புக்காற்றும் கொதிக்கிற வெயிலும் அதற்கு ஒரு பொருட்டில்லை. தனக்கு வேண்டிய எருவை வேர்முடிச்சிலேயே சேர்த்துக்கொண்டு, பக்கத்துப் புல்லுக்கும் கொடுக்கும். அது போனதும் கோடைக்காற்று மேட்டை வாரிக்கொண்டு வந்து வீட்டுச் சோற்றில் போட்டது. ஐப்பசிப் புயலில், தாழ்ந்துபோன மேட்டைக் கடலலை தாண்டி வந்து, பின்னால் இருந்த குடிதண்ணீர் ஊற்றில் இறங்கியது.

ஊற்று உப்பாயிற்று. பெண்கள் குடத்தோடு படகேறி, ஏரியைத் தாண்டிப் போய்த் தண்ணீர் கொண்டுவந்தார்கள். ஊரில் யாரும் துளசிங்கத்தை ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவருக்கு.

வடக்கே, வெட்டாத மேட்டிலிருந்து விதை பொறுக்கி வந்து நட்டார். செம்மண் கொட்டி, சாணி போட்டு, ஓலையில் நிழல் கட்டி, பச்சையம்மா சுமந்து வந்த தண்ணீரையே வேளை தவறாமல் ஊற்றினார். பாதி விதை முளைக்கவில்லை. முளைத்த பாதியும் அழுகிப்போயிற்று.

பச்சையம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "வடக்கு மேட்டுல யாருய்யா தண்ணி ஊத்தறா, நெழலு கட்றா? புடுங்கனதும் உன் இஷ்டம், வளக்கறதும் உன் இஷ்டம். அதுக்கு இன்னா வேணும்னு ஒரு நாளாவது பாத்தியா?"

சுருக்கென்றது. வடக்கு மேட்டில் போய் உட்கார்ந்து பார்த்தார். அங்கே விதைகள் மணலில் உரசி, மழையில் ஊறி, வெயிலிலேயே முளைத்தன. அடுத்த மழைக்கு, விதையின் கெட்டித் தோலைக் கல்லில் தேய்த்து, ஊறவைத்து, வெயில் விழும் வெறும் மணலில் புதைத்தார். யாரும் மிதிக்காமலிருக்கச் சவுக்குக் குச்சி நட்டார். பிறகு கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருந்தார். அவருக்கு அதுதான் கஷ்டமாக இருந்தது. கொஞ்ச நாளில் மூன்று மூன்று இலையாகக் கொடி ஓடத் தொடங்கியது.

தேவேந்திரனுக்கு ஒரே சந்தோஷம். "ஊத்தும் சரியாயிடும்ணா. எல்லாருந்தான வெட்னோம், நீ ஏன் மனச ஒடச்சிக்கற?"

"எல்லாரும் வெட்னாங்க. வெட்டச் சொன்னது நானு." சாய்ந்திருந்த சவுக்குக் குச்சியைத் துளசிங்கம் நிமிர்த்தி நட்டார். "வெட்டறதுக்கு அர நாளு. மேடு ஒசந்து ஊத்து இனிக்கறதுக்குள்ள நம்ம பொம்பளைங்க எத்தினி வருசம் கொடம் தூக்கணுமோ. தானா மொளச்சதுன்னா நாதியில்லாததுன்னு நெனச்சிட்டேன்டா. ஒண்ண அழிக்கறதுக்கு முன்னாடி, அது யாருக்கு இன்னா செய்யுதுன்னு பாத்துடணும். அழிச்சப்பறம் பாத்து ஒண்ணும் ஆவறதில்ல."