நிஷாந்தின் ஐந்து ஃபேன்கள்

சனிக்கிழமை பகல் பன்னிரண்டரைக்கு நிஷாந்த், பூப்போட்ட படுக்கை விரிப்பில் எதையோ சுற்றி நெஞ்சோடு அணைத்தபடி எங்கள் கடைக்குள் வந்தார். முன்னால் துணி அளந்துகொண்டிருந்த வாப்பா தலையை மட்டும் தூக்கினார்.

“வெட்டின துணி திருப்பி எடுக்க மாட்டம் தம்பி.”

“துணி இல்லீங்க முதலாளி. கம்பியூட்டரு.”

“அப்ப பின்னுக்குப் போங்க. மக ஈக்கிறா.”

பதுளை பஸார் தெருவில் இருக்கும் எங்கள் கடையின் முன்பாதி வாப்பாவின் புடைவைக் கடை. பின்பாதி என்னுடைய மேசை. நான்கு வருடங்களாக அந்த மேசையில்தான் கம்பியூட்டர் திருத்துகிறேன். என்னிடம் வந்ததில் ஒன்றே ஒன்றுதான் சரியாகாமல் திரும்பிப் போனது. அதற்குள் எலி குட்டி போட்டிருந்தது. அதை நான் கணக்கில் சேர்ப்பதில்லை.

நிஷாந்த் விரிப்பைப் பிரித்தார். பஸ்ஸில் இரண்டு மணி நேரம் மடியில் வைத்துக்கொண்டு வந்திருக்கிறார். நமுனுகுலப் பக்கத் தோட்டம் ஒன்றின் தேயிலைத் தொழிற்சாலையில் (தோட்டத்தில் அதை ‘ஸ்டோர்’ என்பார்கள்), கொழுந்து வாட்டும் மாடியில் அவருக்கு வேலை. மூன்று வாரங்களுக்கு முன் என்னிடம்தான் புதிய கிராபிக்ஸ் கார்ட் ஒன்றை வாங்கிப் போனார். மாட்டித் தருகிறேன் என்றதற்கு, “என் பெட்டிய நானேதான் பூட்டினேன், இதையும் நானே பூட்டிக்குவேன்” என்று சொல்லிவிட்டார்.

“தங்கச்சி, நீங்க குடுத்த கார்டு சரியில்ல” என்றார் இப்போது.

“என்ன செய்யுது?”

“ஆட்டம் தொடங்கி இருவது நிமிஷம். டப்புனு அணைஞ்சிருது.”

“கார்ட் சூடாகுதா, ப்ரொசஸர் சூடாகுதா?”

“ப்ரொசஸரு. தொண்ணூத்தெட்டு, நூறுனு காட்டுது.”

“பொறகு என்னத்துக்கு கார்டுக்கு ஏசுறீங்க?”

“முன்ன எழுவதைத் தாண்டவே தாண்டாதுங்க. நான் மாத்தினது கார்டு மட்டுந்தான். அப்ப யாரத் திட்டுறது?”

நியாயமான கேள்வி. வாடிக்கையாளர் நியாயமாகப் பேசினால் எனக்குக் கொஞ்சம் எரிச்சல் வரும்.

“எப்ப வேணும்?”

“இன்னிக்கு நாலு மணிக்கு.”

சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. ஐந்து பேர் சேர்ந்து இணையத்தில் ஆடும் ஆட்டம் அது. மற்ற நால்வரும் கொழும்பிலும் கண்டியிலும் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவரையும் நிஷாந்த் நேரில் கண்டதில்லை. ஒரு வருடமாக அவர்களோடு ஆடி, தேசியச் சுற்று வரை வந்திருக்கிறார். கடந்த இரண்டு சனிக்கிழமைகளிலும் நடு ஆட்டத்தில் அவருடைய கம்பியூட்டர் அணைந்துபோக, அணி நான்கு பேராக ஆடித் தோற்றது. இன்றைக்கும் அணைந்தால் அவருடைய இடத்துக்குக் குருநாகலில் இருந்து ஒருவர் வருவார். டிசம்பரில் கொழும்பில் நடக்கும் இறுதிச் சுற்றுக்குப் போவதும் அவர்தான்.

“வீட்டுக்கு எடுத்துட்டுப் போய் ஆட நேரம் பத்தாது. இங்கயே ஆடிக்கட்டுமா?”

“ஆடுங்க. அதுக்கு முன்ன இத நான் பாக்கணும்.”

பக்கத் தகட்டைக் கழற்றினேன். கம்பியூட்டரின் உள்ளே பார்க்கும்போதெல்லாம், மலையுச்சியில் நின்று விளக்கேற்றிய ஒரு சிறிய ஊரைப் பார்ப்பதுபோல எனக்கு இருக்கும். இந்த ஊர் சுத்தமாக இருந்தது. வயர்கள் ஒழுங்காகக் கட்டப்பட்டிருந்தன. புதிய கார்ட் மூன்று ஃபேன்களோடு, நடுவில் ஒரு மேடைபோலக் கிடந்தது. பெட்டியில் தனியாக ஐந்து ஃபேன்கள். கீழே இரண்டு, முன்னால் ஒன்று, மேலே ஒன்று, பின்னால் ஒன்று. ஐந்தும் சுற்றின.

ப்ரொசஸரின் மேல் உட்கார்ந்திருக்கும் கூலரைத் தொட்டு அசைத்தேன். ஒரு மூலை மெல்ல ஆடியது. ஒரு ஸ்க்ரூ தளர்ந்திருந்தது.

“புடிச்சிட்டன்” என்றேன். “பசறை ரோட்டு வளைவு. பஸ்ஸு குலுக்கின குலுக்கில லூஸாகி ஈக்கு.”

“பஸ்ஸுல ஏறுனது இன்னிக்குத்தானே. சூடு மூணு வாரமா இருக்குங்க.”

நான் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கூலரைக் கழற்றி, சூட்டைக் கடத்துவதற்காக அடியில் பூசியிருந்த பழைய பேஸ்ட்டைத் துடைத்து, புதிதாகப் பூசி, நான்கு ஸ்க்ரூவையும் முறுக்கினேன். தகட்டை மூடி ஆட்டத்தை ஓடவிட்டேன். எழுபது. எண்பது. எண்பத்தொன்பது. பதினெட்டாவது நிமிடம் தொண்ணூற்றேழு. அடுத்த நிமிடம் திரை கறுத்தது.

ளுஹர் தொழுகைக்குப் புறப்பட்ட வாப்பா எட்டிப் பார்த்தார். “என்ன மகள், செத்துப் பெய்த்தா?”

“தூங்குது வாப்பா.”

“எலி ஈக்குதா பாருங்க” என்று சொல்லிவிட்டுத் தொப்பியைப் போட்டுக்கொண்டு போனார்.

அந்த நேரம் பார்த்து நிஷாந்தின் போன் அடித்தது. அணித்தலைவர் மிப்ரான். நிஷாந்த் தெரியாமல் ஸ்பீக்கரை அழுத்திவிட்டார் போல, குரல் கடை முழுக்கக் கேட்டது.

“மச்சான், மெஷின் சரியா?”

“சரியாகிக்கிட்டு இருக்கு.”

“ஆகிக்கிட்டு எண்டா? இங்க பாரு, நீ ஆடுறதப் பத்தி ஒரு பேச்சுமில்ல. ஆனா இண்டைக்கும் நடுவுல விட்டுட்டுப் போனா எனக்கு ஒண்டும் செய்ய ஏலா. குருநாகல் பொடியன் ரெடியா ஈக்கிறான்.”

“போக மாட்டேன்.”

“ஷுவரா?”

நிஷாந்த் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். எந்தத் தைரியத்தில் ஆட்டினேன் என்று இப்போதும் சொல்லத் தெரியாது. ஆனால் ஆட்டியபோது முழுமையாக நம்பித்தான் ஆட்டினேன்.

“ஷுவர்” என்றார் நிஷாந்த்.

மணி இரண்டு. ஒரு தேத்தண்ணியைக் குடித்துவிட்டு முதலிலிருந்து யோசித்தேன். புதிய கார்ட் வேகமானது. அதற்கு வேலை கொடுக்க ப்ரொசஸரும் முன்பைவிட ஓடவேண்டும். அதனால் சூடு கொஞ்சம் ஏறும். ஐந்து பாகை ஏறலாம், எட்டு ஏறலாம். இருபத்தெட்டு ஏறாது.

“பழைய கார்ட் ஈக்குதா?”

பையிலிருந்து எடுத்துத் தந்தார். அது நாலாபக்கமும் மூடிய, ஒல்லியான ஒரு பெட்டி. ஒரே ஒரு சிறிய ஃபேன். சூட்டை எல்லாம் தன் பின்வாயால் கம்பியூட்டருக்கு வெளியே ஊதிவிடும் வகை. புதியது அப்படியில்லை. திறந்த உடம்பு. தன் சூட்டைத் தன்னைச் சுற்றியே கொட்டும். அதை வெளியே அள்ளிக்கொண்டு போவது பெட்டியின் ஃபேன்களுடைய வேலை.

பக்கத் தகட்டைக் கழற்றிவிட்டு மறுபடி ஓடவிட்டேன். இருபது நிமிடத்தில் எண்பத்தாறு. ஏறிக்கொண்டுதான் இருந்தது, ஆனால் அணையவில்லை.

“கார்டுலயும் பிழையில்ல, ப்ரொசஸர்லயும் பிழையில்ல” என்றேன். “பெட்டிக்கு மூச்சு முட்டுது.”

“அஞ்சு ஃபேன் இருக்கே!”

ஐந்து ஃபேன்கள் சுற்றுவதை நான் பார்த்தேன். காற்று எந்தப் பக்கம் போகிறது என்று பார்க்கவில்லை. வாப்பாவின் மேசையிலிருந்து ஒரு முழம் நூலை அறுத்துக்கொண்டு வந்தேன். நூலின் நுனியை முன் ஃபேனுக்கு நேரே பிடித்தேன். உள்ளே இழுத்தது. கீழே பிடித்தேன். உள்ளே இழுத்தது. மேலே பிடித்தேன். அங்கேயும் உள்ளே. பின்னால் போய்ப் பிடித்தேன். நூல் கம்பி வலையில் ஒட்டிக்கொண்டு நின்றது.

“அண்ணன், அஞ்சும் உள்ளுக்கு ஊதுது.”

“ஆமா. அப்படித்தான் பூட்டினேன்.”

“வேணுமெண்டேவா?”

“வேணும்னுதான்.” அவர் குரலில் இருந்த பெருமை எனக்குக் கோபமூட்டியது. “ஸ்டோருல நாங்க கொழுந்து வாட்டுறது எப்படி? நீளமான தொட்டி. மேல வலை, வலை மேல கொழுந்து. தொட்டிக்கு ஒரு பக்கமா பெரிய ஃபேன வச்சி உள்ள அமுக்கி ஊதுவோம். காத்து போக வழியில்லாம கொழுந்துக்குள்ள பூந்து மேல வரும். ஒரு எலை விடாம காயும். உறிஞ்சி எடுக்குற ஃபேன் ஒண்ணுகூட கிடையாது. அதே மாதிரித்தான் இதுக்கும் செஞ்சேன். ஒரு வருஷமா எழுவதுலதானே நின்னுச்சி?”

“நிண்டது பழைய கார்டால. அது தன்ட சூட்ட தானே வெளிய கொண்டு போனது. தொட்டியில மேல வார காத்து எங்க போகும்?”

“எங்க போகும்? மாடியில.”

“மாடியில இருந்து?”

“ஜன்னல் வழியா வெளிய. மாடி ஜன்னல் எல்லாத்தையும் தெறந்து...” நிஷாந்த் நிறுத்தினார். கம்பியூட்டரைப் பார்த்தார். “ஜன்னல் மூடிக் கெடந்தா ஈரக்காத்து மாடியிலயே சுத்தும். கொழுந்து வாடாது, அவிஞ்சிரும். போன வருஷம் புதுசா வந்த ஒருத்தன் மழைக்குப் பயந்து எல்லாத்தையும் மூடி வச்சிட்டான். டீமேக்கர் ஐயா அவனை வாயால கிழிச்சி காயப்போட்டாரு. நானும் சேர்ந்து சிரிச்சேன்.”

“நீங்க தொட்டிய மட்டும் கட்டி ஈக்கிறீங்க. மாடிக்கு ஜன்னல் வைக்க மறந்திட்டீங்க.”

அவர் நெற்றியில் அடித்துக்கொண்டார். “இத யாருகிட்டயும் சொல்லிறாதீங்க தங்கச்சி. ஸ்டோருல தெரிஞ்சா என்னை உசிரோட வாட்டிருவாங்க.”

மணி மூன்று முப்பத்தைந்து.

“தகட்டைத் தெறந்து வச்சே ஆடிர்றேன்” என்றார். “எண்பத்தாறுக்குத் தாங்கும்ல?”

“ஆட்டம் எவ்வளவு நேரம்?”

“ஒரு மணி நேரம். இழுத்தா ஒண்ணே கால்.”

“இருவது நிமிஷத்துல எண்பத்தாறு. ஒரு மணி நேரத்துல?”

“ஃபேன கழட்டித் திருப்பிப் பூட்டுறதுக்குள்ள நேரம் போயிருச்சின்னா?”

“எட்டு ஸ்க்ரூ. மேல நாலு, பின்னால நாலு. ரெண்டு ஃபேனையும் திருப்பி வைக்க எனக்குப் பத்து நிமிஷம் போதும்.”

“முன்னயும் புடிச்சிட்டேன்னு சொன்னீங்க.”

“முன்ன நான் ஸ்க்ரூவப் பார்த்தன். இப்ப காத்தப் பார்த்தன்.”

நிஷாந்த் கடிகாரத்தைப் பார்த்தார், என் கையைப் பார்த்தார். பிறகு தன் சட்டைப்பையில் இருந்த ஸ்க்ரூ டிரைவரை எடுத்தார். “மேல உள்ளத நான் கழட்டுறேன். நீங்க பின்னால உள்ளதப் பாருங்க.”

ஏழு நிமிடத்தில் முடித்தோம். தகட்டை மூடி, நூலைப் பின்னால் பிடித்தேன். நூல் என் பக்கமாக நீண்டு துடித்தது. உள்ளங்கையை வைத்தேன். புதிய கார்ட் மாட்டிய பிறகு முதன்முதலாக அந்தப் பெட்டிக்குள்ளிருந்து வெப்பக்காற்று வெளியே வந்தது.

மூன்று ஐம்பத்தேழுக்கு நிஷாந்த் ஹெட்போனை மாட்டினார். சாரிக் கட்டுகளுக்கும் பாடசாலைச் சீருடைத் துணி உருளைகளுக்கும் நடுவே, வாப்பாவின் பிளாஸ்டிக் கதிரையில் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தார். திரையின் மூலையில் வெப்ப எண்ணை வைத்திருந்தேன்.

பத்தாவது நிமிடம் அறுபத்தொன்பது. பதினெட்டாவது நிமிடம் எழுபத்துமூன்று. பத்தொன்பதில் நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். நிஷாந்த் அப்போது ஒரு சுவருக்குப் பின்னால் ஒளிந்திருந்தார். அவர் எண்ணைப் பார்க்கவே இல்லை. இருபது போனது. முப்பதில் எழுபத்தைந்து. அதற்கு மேல் ஏற அந்த எண்ணுக்கு மனமில்லை. எண்ணை விட்டுவிட்டு ஆட்டத்தைப் பார்க்கத் தொடங்கினேன். ஒன்றும் விளங்கவில்லை, ஆனால் நிஷாந்த் ஆட்களை அழைக்கும் விதத்தில் ஒரு மேற்பார்வையாளரின் அதிகாரம் இருந்தது. “எடது பக்கம் வாங்க, நான் கதவப் புடிச்சிக்கிறேன்.” கொழும்பும் கண்டியும் அவர் சொன்ன பக்கம் போயின.

சாரி பார்க்க வந்த இரண்டு பெண்கள் சாரியை மறந்துவிட்டு நின்றார்கள்.

“தம்பி ஜெயிக்கிறாரா?” என்று ஒருத்தி கேட்டாள்.

“அவர் அணையாம இருந்தா போதும்” என்றார் வாப்பா. மூன்று மீற்றர் துணியை அளக்கும் சாக்கில் அவரும் அங்கேதான் நின்றார்.

ஐந்து பன்னிரண்டுக்கு ஆட்டம் முடிந்தது. நிஷாந்த் இரண்டு கையையும் தூக்கினார். வென்றுவிட்டார்கள். வாப்பா கைதட்டினார், பெண்களும் தட்டினார்கள். ஹெட்போனுக்குள் மிப்ரான் என்ன சொன்னார் என்று எங்களுக்குக் கேட்கவில்லை. நிஷாந்த் சொன்னது மட்டும் கேட்டது.

“அதே மெஷின்தான்... ஆமா... பதுளையில ஒரு துணிக்கடையில இருந்து... இல்ல மச்சான், நெசமா துணிக்கடை... செவ்வாய்க்கிழமையா? பயிற்சியா? எத்தனை மணிக்கு... வந்துர்றேன்.”

ஹெட்போனைக் கழற்றிவிட்டு உடனே போனை எடுத்து யாருக்கோ அடித்தார்.

“இராமையா அண்ணே, நான் நிஷாந்த். செவ்வாய்க்கிழமை என்னோட அந்தி வேலைய நீங்க பார்த்துக்குறீங்களா? ... இல்லண்ணே, பொண்ணு பார்க்கப் போகல. வெளையாட்டு... ஆமா, வெளையாட்டுக்குத்தான் கேக்குறேன். இப்பவே சொல்லிர்றேன், டிசம்பர் வரைக்கும் செவ்வாய்க்கிழமை எல்லாம் நீங்கதான் பார்க்கணும்.”